பத்தாவது முடிந்தது, ஆர்ட்ஸ்தான் என்கிறாள் மகள். நான்கு பாடத்தை எப்படிப் பார்த்து எடுப்பது?

மஞ்சக்காடு
வெள்ளி, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்களுக்கு அறச்சலூர்ப் பக்கம். மஞ்சளும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறோம். மகள் இந்த வருடம் பத்தாவது எழுதி 438 வாங்கியிருக்கிறாள். தமிழ் 96, இங்கிலீஷ் 95, கணக்கு 71, அறிவியல் 79, சமூக அறிவியல் 97. மார்க் வந்த அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒறம்பரை எல்லோரும் கேட்பது, ஃபர்ஸ்ட் குரூப்பா பயாலஜியா என்பதுதான். இரண்டும் இல்லை, ஆர்ட்ஸ் என்று அவள் சொன்னதும் அவள் பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அவளுக்கு வரலாறு என்றால் உயிர். ஏழாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து நாகமலைக் கல்வெட்டைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். ஆட்டத்துக்குச் சொல்லும் தை, தா என்கிற எழுத்துகளைப் பாறையில் வெட்டியிருப்பார்களே, அதுதான். அதில் தேவன் சாத்தன் என்கிற மணி வண்ணக்கன் பேர் வருகிறது. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, "வண்ணக்கன்னா மணியைச் சோதிச்சுப் பாக்கறவராமா. நொய்யல் கரையில கொடுமணல்ல மணி செஞ்சிருக்காங்க. அப்ப ரெண்டு ஊரும் ஒண்ணோட ஒண்ணு சேருதில்ல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை.

இப்போது இரண்டு பள்ளிக்கூடம் கண்ணில் இருக்கிறது. வீட்டிலிருந்து நடந்தே போகிற பள்ளியில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு நான்காவதாகக் கணினிப் பயன்பாடுகள். இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளியில் நான்காவது பாடம் வரலாறு. அங்கேயே கணக்குப்பதிவியலுக்குப் பதிலாகப் புவியியல் வைத்து இன்னொரு பிரிவும் உண்டாம். அதில் பிள்ளைகள் குறைவு என்றார்கள். நானும் அவள் அப்பாவும் பத்தாவதுக்கு மேல் போனதில்லை. எதைப் பார்த்து முடிவு பண்ணுவது என்று சொல்லுங்க.

லாரிப்பட்டறை
வெள்ளி, இரவு 10.05

அம்மா, கோபப்பட வேண்டாம். சங்ககிரியில் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் பையன் இப்போது ஃபர்ஸ்ட் குரூப்பில் பிளஸ் டூ போகிறான். நான் யோசித்தது இதுதான். ஃபர்ஸ்ட் குரூப் படித்தவன் பின்னால் மனசு மாறினால் பி.காம் போகலாம், பி.ஏ. வரலாறு போகலாம், வக்கீலுக்குப் போகலாம். ஆர்ட்ஸ் எடுத்த பிள்ளை பதினேழு வயதில் இன்ஜினியரிங் வேண்டும் என்றால் வழி கிடையாது. பி.எஸ்சி. நர்ஸிங், அக்ரி எல்லாம் கிடையாது. கதவைத் திறந்து வைத்துப் போவதுதானே பெற்றவர்கள் செய்ய வேண்டியது? 438 எடுத்த பிள்ளைக்கு அறிவியல் வராது என்று சொல்ல முடியாது. 79 ஒன்றும் மோசமில்லை.

நொய்யல்கரை
வெள்ளி, இரவு 11.40

லாரிப்பட்டறை அண்ணா, நீங்கள் சொன்ன கதவுக் கணக்கு சரிதான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கதவுகளைத் திறந்து வைக்க அந்தப் பிள்ளை என்ன கொடுக்கிறது என்பதையும் பாருங்கள்.

எனக்குப் பத்தாவதில் 460-க்கு மேல். வீட்டில் பேசி முடித்து, தூரத்தில் விடுதியோடு உள்ள ஒரு பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்தார்கள். காலை நாலரைக்கு எழுப்புவார்கள். ராத்திரி பத்தரை வரை ஸ்டடி. நான் சோம்பேறி இல்லை. இயற்பியல் புத்தகத்தை வரிக்கு வரி ஒப்பிப்பேன், ஆனால் கணக்கு ஒன்றைக் கொடுத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று கை நிற்கும். பிளஸ் ஒன் அரையாண்டுக்குப் பிறகு எனக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்க வந்தால் வலி இருக்காது. அவர் பஸ் ஏறியதும் வந்துவிடும். பிளஸ் டூவில் இயற்பியலில் 58. அந்த மார்க்கோடு பி.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பித்தேன், விரும்பிய கல்லூரி கிடைக்கவில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் மொழிப்பாடம் போக மீதி நான்கு பாடத்தின் 400 மார்க்கைத்தான் தரவரிசைக்கு எடுக்கிறார்கள். ஃபர்ஸ்ட் குரூப்பிலிருந்து பின்னால் மாறலாம் என்பது உண்மை. ஆனால் மாறும்போது கையில் இருந்தது அந்த 400-க்கு எடுத்த என் குறைந்த மார்க்தான்.

இப்போது எம்.ஏ. முடிக்கப் போகிறேன், நன்றாக இருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் மட்டும் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. உங்கள் பெண் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்து கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை அக்கா. ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் கேட்கிற கேள்வி.

பேரேடு
சனி, காலை 6.50

மஞ்சக்காடு அக்கா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், பன்னிரண்டு வருடமாக. தேர்ட் குரூப், அப்புறம் பி.காம். ஆர்ட்ஸா சயின்ஸா என்பதை உங்கள் மகளே முடிவு பண்ணிவிட்டாள், அதை விட்டுவிடுவோம். எனக்குக் கவலை, கணக்குப்பதிவியலை விட்டுவிடுவாளோ என்பதுதான். கணக்கில் 71 என்றதும் அக்கவுண்டன்சி வராது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அது தவறு. அங்கே அல்ஜிப்ரா இல்லை, கூட்டல் கழித்தலும் சதவீதமும்தான். வேண்டியது ஒழுங்கும், யாருடைய பக்கம் நின்று பார்க்கிறோம் என்கிற தெளிவும்.

பிள்ளைகள் முதல் மாதத்திலேயே மிரண்டு போகிற இடம் ஒன்று உண்டு. "பெறுபவர் பற்று, தருபவர் வரவு" என்பது முதல் விதி. அடுத்த வகுப்பில், வங்கியில் பணம் கட்டினால் உன் புத்தகத்தில் வங்கிக் கணக்கைப் பற்று வை என்பார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து பாஸ்புக்கை எடுத்துப் பார்க்கும். அங்கே கட்டிய பணம் வரவு என்று இருக்கும். டீச்சர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று பயந்துபோகும். பாஸ்புக் நம்முடைய புத்தகம் இல்லை, பேங்க்காரர் தன் பேரேட்டில் நம் கணக்கை எழுதிக் கொடுத்த நகல் என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் போதும். அவருக்கு நாம் தருபவர், அதனால் வரவு. நமக்கு அவர் பெறுபவர், அதனால் பற்று.

உங்கள் வீட்டுக்கு இது புதிதே இல்லை. மஞ்சள் மண்டியில் பற்று வாங்கியிருக்கிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பற்றுதான் இது. அறுவடைக்கு முன்னால் மாமா 20,000 வாங்கினால் மண்டிக்காரர் நோட்டில் மாமா பேரில் பற்று விழும், ஏனென்றால் அவர் பெறுபவர். மூட்டைகள் 1,12,000-க்கு விற்றதும் அதே பேரில் வரவு விழும், இப்போது அவர் தருபவர். கமிஷன், கூலி, முன்பு வாங்கிய பற்று எல்லாம் கழித்துக் கையில் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு ஒன்று வீட்டில் கிடக்கும், எடுத்து மகள் கையில் கொடுத்துப் பாருங்கள். அவளே ஒரு கணக்கு வரைந்துவிடுவாள்.

ஆடிட்டர் படிப்புக்குப் போவதாக இருந்தாலும் இதுதான் அடித்தளம். சி.ஏ. ஃபவுண்டேஷனில் நான்கு தாள். கணக்கியல், வணிகச் சட்டம், வணிகக் கணிதம் புள்ளியியல் தர்க்கம் சேர்ந்த தாள், வணிகப் பொருளியல். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் பாதி எடுத்தால் தேர்ச்சி. தமிழில் எழுத முடியாது, இங்கிலீஷ் அல்லது இந்திதான். இதை முன்பே சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரிந்து வருத்தப்படுகிறவர்கள் நிறைய.

கரும்பலகை
சனி, காலை 9.15

தாயே, கோபிப் பக்கம் மேல்நிலை வகுப்புக்கு வரலாறு எடுத்தவன் நான். போன வருடம்தான் ஓய்வு. இருபத்தேழு வருடம் சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், பாடத்தின் பேரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்தப் பாடத்துக்கு அந்தப் பள்ளியில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். பலகையில் நான்கு பாடம் எழுதியிருப்பார்கள், ஒன்றுக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும். பொருளியல் ஆசிரியரே வரலாற்றையும் பார்த்துக்கொள்வார், அல்லது தற்காலிகமாக ஒருவர் வந்து பாதியில் போய்விடுவார். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கணினிப் பயன்பாடுகள் என்று சேர்த்துவிட்டு எட்டு மாதம் ஆள் இல்லை. இருபது மார்க் செய்முறைத் தேர்வுக்குப் பதினைந்து நாளைக்கு முன்புதான் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொட்டார்கள். அந்தப் பாடம் நல்ல பாடம். முதல் வருடம் வேர்டு, விரிதாள், எச்.டி.எம்.எல். என்று தொடங்கி இரண்டாம் வருடம் பி.எச்.பி., வலைப்பின்னல், மின்வணிகம் வரை போகிறது. ஆனால் ஆளும் கணினியும் இல்லாத பள்ளியில் அது வெறும் மனப்பாடம். ஆகவே தலைமையாசிரியரிடம், இந்த நான்கு பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா, அவர்களைப் பார்க்கலாமா என்று நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, பிளஸ் ஒன் பாடத்தை நடத்துகிறார்களா என்று விசாரியுங்கள். 2018-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, மாநிலக் கல்விக் கொள்கைக்குப் பிறகு 2025-26 முதல் அது இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய காலத்தில் சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிட்டு, சேர்ந்த ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைத் தொடங்கிவிடும். அப்படிச் செய்தால் அதிகம் அடிபடுவது கணக்குப்பதிவியல் படிக்கும் பிள்ளைகள். பேரேடு அம்மணி சொன்ன அந்த முதல் விதியெல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. அது இல்லாமல் பிளஸ் டூவில் கூட்டாண்மைக் கணக்கைத் திறந்தால் ஒன்றும் புரியாது.

மூன்றாவது மார்க். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் எல்லாம் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தொண்ணூறில் இருபது ஒரு மதிப்பெண், அப்புறம் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஒவ்வொன்றிலும் ஏழு. வரலாற்றில் மார்க் வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் திருத்தும் முகாமில் உட்கார்ந்து பார்த்தவன். மார்க் போவது ஆண்டு தெரியாததால் இல்லை, கேட்டதற்குப் பதில் எழுதாததால். காரணங்கள் கேட்டால் நிகழ்ச்சியை எழுதுவார்கள், விளைவு கேட்டால் காரணத்தை எழுதுவார்கள். உங்கள் மகள் சமூக அறிவியலில் 97, தமிழில் 96. எழுதத் தெரிந்த பிள்ளை, வரலாறு அவளுக்கு மார்க்கும் தரும்.

பயிற்றுமொழி பற்றியும் ஒரு வார்த்தை. இதுவரை தமிழ்வழியில் படித்தவளா? இப்போது இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் நிதானமாக யோசியுங்கள். அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறது. 2010-ல் வந்த சட்டம், 2020-ல் திருத்தினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குக் கேட்கும் படிப்புவரை முழுக்கத் தமிழில் படித்திருக்க வேண்டும். பட்டம் கேட்கும் வேலை என்றால் பிளஸ் டூவும் பட்டமும் தமிழில் இருக்க வேண்டும், நடுவில் மாறினால் போயிற்று. சி.ஏ. கனவு இருந்தால் கணக்கு வேறு, அதற்கு இங்கிலீஷ் சீக்கிரம் பழகுவது நல்லது. இரண்டில் எது வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண் என்றால் கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். எந்தக் குரூப் என்பது அதற்குத் தடையில்லை.

மேட்டாங்காடு
சனி, மதியம் 1.30

எல்லோரும் புவியியலைக் கடந்து போய்விட்டீர்கள். அந்த ஆள் குறைந்த வகுப்பில் படித்தவன் நான், எங்கள் செட்டில் பதினோரு பேர். அதனால் எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் காடு கீழ்பவானி வாய்க்காலுக்கு மேற்புறம். வாய்க்கால் கண்ணெதிரே ஓடும், தண்ணீர் எங்களுக்குப் பாயாது. கீழ்ப்புறம் நெல்லும் மஞ்சளும், எங்கள் பக்கம் சோளமும் நிலக்கடலையும். சின்ன வயதில் இதைப் பற்றி அப்பாரிடம், அதாவது தாத்தாவிடம் கேட்டால், "நம்ம தலையெழுத்து கண்ணு" என்பார். யாரோ எங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது.

பிளஸ் ஒன் செய்முறையில் எங்கள் சார் ஒரு நில அளவைத் துறை வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். 1:50,000 அளவு. இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். பழுப்பு நிறத்தில் சமவுயரக் கோடுகள், கோட்டுக்குக் கோடு இருபது மீட்டர் உயரம். மலை இருக்கிற இடத்தில் கோடுகள் வளையம் வளையமாக நெருங்கி நிற்கும், சமவெளியில் விலகிப் படுத்திருக்கும். வாய்க்காலை விரலால் தொட்டுக்கொண்டு வா என்றார். அந்த நீலக்கோடு நேராகப் போகவில்லை. பழுப்புக் கோட்டை ஒட்டிக்கொண்டே வளைந்து வளைந்து போனது. பவானிசாகரில் தொடங்கிச் சுமார் 200 கிலோமீட்டரும் நிலத்தின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே விட்டுக்கொடுத்து ஓடுகிறது. அதனால் தாழ்ந்த பக்கம் மட்டும்தான் தண்ணீர் தானாக இறங்கும். எங்கள் காடு கோட்டுக்கு மேலே இருந்தது. தலையெழுத்து இல்லை, நில அமைப்பு.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் ரொம்ப நேரம் நின்றேன். சின்ன வயதிலிருந்து பார்த்த இடம் மாதிரியே இல்லை. அதற்கப்புறம் புவியியல்தான் படித்தேன், இப்போது செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலப் பயன்பாட்டு வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். வரலாறு பிடித்த பெண்ணுக்குப் புவியியலும் பிடிக்கும் அக்கா. கொடுமணல் நொய்யல் கரையில் ஏன் வந்தது, கரூருக்கும் மேற்குக் கடற்கரைக்கும் நடுவே அந்த ஊர் ஏன் தழைத்தது என்பதற்குப் பாதிப் பதில் நிலத்தில் இருக்கிறது.

லாரிப்பட்டறை
சனி, மதியம் 3.10

மேட்டாங்காடு தம்பி, படித்துவிட்டு நானும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நல்லா எழுதினீங்க. நொய்யல்கரை தம்பிக்கு வந்த மாதிரி என் பையனுக்கு வரவில்லை, அவனுக்கு மெஷின் என்றால் ஆசை, அதனால் அவனுக்கு ஃபர்ஸ்ட் குரூப் பொருந்தியிருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு அப்படி இல்லை என்பது புரிகிறது. ஆனாலும் பெற்றவர் கேட்கும் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறதே. வரலாறு படித்தால் சோற்றுக்கு என்ன வழி? பிள்ளைகள் முன்னால் கேட்கத் தயங்குவோம், இங்கே கேட்கிறேன்.

கோர்ட்டுவாசல்
சனி, இரவு 8.45

கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணா. நாமக்கல்லில் வக்கீலாக இருக்கிறேன், பிளஸ் டூவில் வரலாறும் கணக்குப்பதிவியலும் படித்தவன். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன்.

ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்கில் இடம். கோவை, சேலம், நாமக்கல்லில் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டத்துக்கும் உண்டு. தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றால் கிளாட் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

நம் பக்கம் வருகிற வழக்கில் பெரும்பங்கு நிலம். பட்டா, சிட்டா, அடங்கல், பழைய செட்டில்மென்ட் பதிவேடு என்று மேசை நிறையக் காகிதம். ஒரு பட்டாவில் ஏன் ஒரு குடியானவர் பேர் நேராக இருக்கிறது என்றால், குடியானவரிடமே நேராக வரி வாங்கிய ரயத்துவாரி முறைக்குப் போக வேண்டும். 1792-ல் திப்புவிடமிருந்து பாரமகால், அதாவது சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சீமை, கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த பிறகு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே தொடங்கியது அது. பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் வினாவாகப் படித்தேன். இன்று கட்சிக்காரர் கொண்டுவரும் பழுப்பேறிய தாளில் அதைப் பார்க்கிறேன். பாகப்பிரிவினை வழக்கில் எதிர்த்தரப்பு கொடுக்கும் வரவு செலவைப் படிக்கக் கணக்குப்பதிவியல் உதவுகிறது. இரண்டும் சேர்ந்த பிரிவு உங்கள் மகளுக்குக் கிடைக்கிறது என்றால் கைவிடாதீர்கள்.

மற்ற வழிகளும் சொல்கிறேன். பி.ஏ., பி.எட். முடித்தால் ஆசிரியர் பணி. எந்தப் பட்டம் இருந்தாலும் டி.என்.பி.எஸ்.சி. அரசுப் பணித் தேர்வில் குரூப் 2, குரூப் 1. குரூப் 4-க்குப் பத்தாவதே போதும், அதில் 200 கேள்வியில் 100 தமிழ். தொல்லியல், அருங்காட்சியகம், நூலகம் என்று மேற்படிப்புகள். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கியூட் தேர்வில் வரலாற்றை ஒரு பாடமாக எழுதலாம். எல்லாமே போட்டிதான், உறுதி என்று எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஜினியரிங் முடித்துவிட்டும் போட்டியில்தானே நிற்கிறார்கள்.

சின்னத்தறி
ஞாயிறு, காலை 7.30

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கணும். சென்னிமலையில் தறி ஓட்டுகிறோம். பையன் ஒன்பதாவது, போர்வைக்கு டிசைன் தானே வரைகிறான். ஓவியத்தைப் பாடமாக எடுக்க வழி இருக்கிறதா?

கரும்பலகை
ஞாயிறு, காலை 8.20

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் உங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிளஸ் ஒன்னுக்கு ஓவியம் தனிப் பாடமாகக் கிடைப்பது கடினம் தம்பி. பள்ளிப் படிப்போடு சேர்த்து அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் கீழ்நிலை, அப்புறம் மேல்நிலை எழுத வையுங்கள். பின்னால் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நிஃப்ட் என்கிற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம், என்.ஐ.டி. என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனம் நடத்தும் வடிவமைப்புப் படிப்புகளுக்கு எந்தக் குரூப் படித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். பாட்டோ நாகசுரமோ என்றால் ஈரோட்டிலும் கரூரிலும் அரசு இசைப்பள்ளி உண்டு. போர்வை டிசைன்களைக் கிழித்துப் போடாமல் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள், அது பெரிய சொத்து.

மஞ்சக்காடு
ஞாயிறு, காலை 10.00

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். மேட்டாங்காடு தம்பி எழுதியதை அவளே வாங்கி இரண்டு தடவை படித்தாள். இப்போது புவியியலா கணக்குப்பதிவியலா என்று குழம்பிவிட்டாள். இன்னொரு கவலை, பஸ். காலை ஏழரைக்கு ஏறினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வீடு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, செலவு பிரச்சினை இல்லை. பொம்பளப் பிள்ளை இருட்டு விழுந்து வருவதைத்தான் அவள் அப்பா யோசிக்கிறார்.

பேரேடு
ஞாயிறு, காலை 11.15

அக்கா, பஸ் விஷயத்தில் நான் ஒன்றும் சொல்ல முடியாது, நீங்கள் பார்த்து முடிவு பண்ண வேண்டியது. அந்த ஊரிலிருந்து அதே பள்ளிக்குப் போகிற வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் அப்பாவுக்குத் தைரியம் வரும்.

பாடத்துக்கு ஒரு யோசனை. பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரலாறு, கணக்குப்பதிவியல், புவியியல், கணினிப் பயன்பாடுகள் நான்கையும் போனில் இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து ஒரு பாடத்தை அவளைப் படிக்கச் சொல்லுங்கள். முதல் பாடம் வேண்டாம், அது எல்லாப் புத்தகத்திலும் எளிதாக இருக்கும். பாடத்தின் பின்னால் உள்ள கேள்வியில் இரண்டைத் தானாக எழுதிப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம், தூரத்திலிருந்து பாருங்கள். எந்தப் புத்தகத்தில் நேரம் போனது தெரியாமல் இருக்கிறாள், எதில் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுகிறாள் என்று.

கரும்பலகை
ஞாயிறு, மதியம் 12.05

நல்ல யோசனை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சேர்ந்த பிறகும் முதல் சில வாரத்துக்குள் பிரிவு மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் விடுவார்கள், இடம் இருந்தால். சேரும் அன்றே அதைக் கேட்டு வையுங்கள்.

மஞ்சக்காடு
புதன், இரவு 9.50

சொன்னபடியே செய்தோமுங்க. திங்கட்கிழமை முழுக்கத் திண்ணையில் போனோடு இருந்தாள். கணினிப் புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டாள். புவியியலில் பருவமழைப் பாடத்தை நன்றாகவே படித்தாள். வரலாற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சோறு ஆறிப் போயிற்று. கணக்குப்பதிவியலில் என்ன செய்வாளோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் முகம் சுருங்கியது. அப்புறம் எழுந்துபோய் அவள் அப்பாரு, அதாவது என் மாமனார், டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த மண்டிச் சீட்டுகளை எடுத்துவந்தாள். பேரேடு அக்கா சொன்ன மாதிரி நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று நாலு வருடத்துச் சீட்டையும் எழுதினாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய சீட்டில் கூலியை இரண்டு தடவை கழித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். 640 ரூபாய். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள சொல்றது சரிதான்" என்றார். பெரியப்பாவும் அங்கேதான் இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

நேற்று தூரத்துப் பள்ளிக்குப் போனோம். நான்கு பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்கள். வரலாற்று டீச்சர் பக்கத்து ஊர்க்காரர். நாகமலைக் கல்வெட்டைப் பற்றி இவள் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துப் பேசினார். பிளஸ் ஒன் பாடம் முழுவதும் நடத்துவோம், காலாண்டுக்கு அதிலிருந்துதான் கேள்வி என்றும் சொன்னார். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு, தமிழ்வழி. சேர்த்துவிட்டோம். புவியியல் புத்தகத்தை மட்டும் தனியாக வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் அதே பஸ்ஸில் போகிறார்கள். சாயங்காலம் ஸ்டாப்பில் வண்டியோடு நிற்கிறேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

பள்ளி திறப்பதற்குள் கொடுமணலுக்கு ஒரு தடவை போய்வர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறோம்.